அம்மி கொத்தலையோ, அம்மி!

வெப் ஃபிரேம்வொர்க் ஒன்றை வீட்டிலேயே தயாரித்து ஊருக்கு இலவசமாக வழங்க விரும்பும் அன்பர்களுக்கான செய்முறை விளக்கம் இது. தேவையான பொருட்கள்: பகலில் வேறு வேலை, இரவில் தூக்கமின்மை, பழைய லேப்டாப் ஒன்று, கல்யாண மண்டபம் வைத்திருக்கும் மச்சினன் ஒருவன். கடைசிப் பொருள் கிடைக்காதவர்கள் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சித்தப்பாவைப் பயன்படுத்தலாம். ருசி கொஞ்சம் மாறும்.

நான் பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனுக்கு வட்டி போடுகிறவன். இரவு பத்து மணிக்கு மேல் பிஹெச்பி என்ற மொழியில் புரோகிராம் எழுதுகிறவன். இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. முதல் வேலைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பாள் என் மனைவி.

ஃபிரேம்வொர்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கல்யாண மண்டபம் மாதிரி. மேடை, பந்தி ஹால், சமையல்கட்டு, ஜெனரேட்டர், ஐந்நூறு நாற்காலி எல்லாம் தயாராக இருக்கும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் போதும். வெப்சைட் கட்டுகிறவனுக்கும் அதே கதைதான். எந்த முகவரியைத் தட்டினால் எந்தப் பக்கம் வர வேண்டும், டேட்டாபேஸில் எப்படி எழுத வேண்டும், லாகின் செய்தவரை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது, இதையெல்லாம் ஃபிரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும். லாராவெல், ஜாங்கோ, ரெயில்ஸ் என்று ஊரில் நல்ல மண்டபங்களுக்குக் குறைவில்லை. வாடகையும் இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு, தன் கல்யாணத்துக்குத் தானே செங்கல் சுமந்து மண்டபம் கட்டுகிறவர்தான் நம் அன்பர். கட்டி முடிப்பதற்குள் கல்யாணம் மறந்துபோயிருக்கும். மண்டபத்தை ஊருக்குத் திறந்துவிடுவார்.

நோய் எப்படிப் பிடிக்கிறது என்றால், காப்பி பேஸ்டில். மச்சினன் மண்டபத்துக்கு ஒரு சைட் போட்டுக் கொடுப்பீர்கள். அதைப் பார்த்து அவன் சிநேகிதனின் டிராவல்ஸுக்கு ஒன்று. அப்புறம் சங்கச் செயலாளர் மகளின் டியூஷன் சென்டருக்கு ஒன்று. மூன்றாவது தடவையாக அதே ஹெடர் கோப்பைக் காப்பி அடிக்கும்போது, 'இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்தால் என்ன?' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டும் விளக்கை அணைத்துத் தூங்கப் போனவர்கள் பிழைத்தார்கள்.

மனசாட்சி உறுத்தினால் முன்னோர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-ல் இணையத்தில் போட்டிருந்த தன் பயோடேட்டாவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்காகச் சில சின்னக் கருவிகளை எழுதினார். அடுத்த வருஷம் ஜூனில், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே விட்டார். அதுதான் பிஹெச்பி. ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில், 2003-ல். பத்திரிகை ஆபீஸில் எல்லாமே சாயங்காலத்துக்குள் வேண்டும் என்பார்கள். அந்த அவசரத்துக்காக எழுதியது 2005 ஜூலையில் ஊருக்கு வந்தது. ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற மென்பொருளின் வயிற்றிலிருந்து உருவி 2004-ல் வெளியிடப்பட்டது.

மூன்றிலும் ஒன்று பொது. முதலில் வேலை இருந்தது, அந்த வேலையிலிருந்து கருவி வந்தது. இந்த வரியை அன்பர்கள் படிக்காமல் தாண்டிப் போகவும். நமக்குக் கருவிதான் முதலில். வேலை பிறகு எப்போதாவது வரும்.

இன்னும் தெம்பு வேண்டுமென்றால் ஃப்ளாஸ்க் கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பைத்தான் மொழி உலகத்தில் ஆளாளுக்கு ஒரு குட்டி ஃபிரேம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைக் கிண்டல் செய்ய, ஆர்மின் ரோனாக்கர் என்ற ஆஸ்திரியர் ஒரே கோப்பில் அடங்குகிற ஃபிரேம்வொர்க் என்று ஒன்றை 2010 ஏப்ரல் முதல் தேதி வெளியிட்டார். தேதியைக் கவனிக்காத ஜனங்கள் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். அவரும் சரிதான் போ என்று அதையே ஒழுங்காக எழுதி ஃப்ளாஸ்க் என்று கொடுத்தார். இன்றைக்கு பைத்தானில் வெப்சைட் கட்டுகிறவர்களில் ஃப்ளாஸ்க் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. கிண்டலுக்குச் செய்ததே அவ்வளவு தூரம் போனது என்றால், சிரத்தையாகச் செய்த நம்முடையது எவ்வளவு தூரம் போகும்! இப்படிக் கணக்குப் போடத் தெரிந்திருப்பதுதான் இத்தொழிலுக்கு முதல் தகுதி.

பெயர் சூட்டல்

புரோகிராம் எழுத மூன்று வாரம், பெயர் வைக்க இரண்டு மாதம் என்று ஒதுக்கிக்கொள்ளவும்.

ஜாங்கோ என்பது ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞரின் பெயர். லாராவெல், நார்னியா கதைகளில் வரும் கேர் பாரவெல் கோட்டையை நினைத்து வைத்தது. தமிழனுக்கு உடனே 'யாழ்' என்று வைக்கத் தோன்றும். வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் போடுவோம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வெளியூர்க்காரர் என்ன பாடுபடுவார் என்று யோசியுங்கள். 'எழில்' தமிழிலேயே புரோகிராம் எழுதுவதற்கான மொழிக்குப் போய்விட்டது. 'திண்ணை' இணைய இதழுக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்ததில் நான் 'அம்மி'யை எடுத்துக்கொண்டேன். சின்னது, கனமானது, கரண்ட் வேண்டாம், எல்லா வேலையும் நம் கைதான் செய்ய வேண்டும். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஏன், வீட்ல மிக்ஸி இல்லையா?" உலகத்தில் சொந்த ஃபிரேம்வொர்க் எழுதிய ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் கேட்கப்படும் கேள்வி இது. என்னுடையதில் பெயரிலேயே கேள்வி இருப்பதால் நேரம் மிச்சம்.

லக்னோவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். உருதுவில் அம்மி என்றால் அம்மாவாம். தாயின் பெயரை ஃபிரேம்வொர்க்குக்கு வைத்த என் பாசம் அவரைக் கலங்க வைத்துவிட்டதாம். நான் மறுத்துப் பதில் எழுதவில்லை.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2016 மார்ச்சில் அஸெர் கோச்சுலு என்ற புரோகிராமர் வைத்திருந்த ஒரு பெயர் தங்களுக்கு வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டது. ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் கிடங்கான என்பிஎம், பெயரைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. மனிதர் கோபித்துக்கொண்டு, அங்கே வைத்திருந்த தன் சாமான் அத்தனையையும் வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதில் ஒன்று, எழுத்துக்களுக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பித் தரும் 11 வரிப் புரோகிராம். பெரிய பெரிய தொகுப்புகளெல்லாம் அந்தப் பதினொரு வரியின் தலையில் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊர் ஊராக வேலை நின்றுபோனது.

நான் கோபித்துக்கொண்டு அம்மியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் ஒரே ஒரு மண்டபம்தான் நிற்கும். ஆனால் அந்த மண்டபத்துக்காரன் என் மனைவியின் தம்பி. கோச்சுலுவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ரீட்மீ என்னும் வரதட்சணைப் பட்டியல்

தொகுப்பைத் திறந்ததும் முதலில் தெரியும் கோப்புக்கு ரீட்மீ என்று பெயர். இதில் மூன்று சொற்கள் கட்டாயம்: இலகுவானது, அதிவேகமானது, எளிமையானது. இலகு என்றால் பாதி வசதி இன்னும் எழுதவில்லை. அதிவேகம் என்றால் 'வணக்கம்' என்று மட்டும் சொல்கிற பக்கத்தை வைத்து அளந்தது. ஒன்றுமே செய்யாத பக்கம் யார் வீட்டிலும் வேகமாகத்தான் ஓடும். எளிமை என்றால், எழுதியவனுக்குப் புரிகிறது.

அடக்கமாக எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸை அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்கிற தொனியில்தான் எழுதினார். பெரிதாக வரப்போகிறவர் அப்படி எழுதலாம், அழகாக இருக்கும். நாம் எழுதினால் நம்பிவிடுவார்கள்.

அடுத்து நிறுவும் முறை. 'மூன்றே படிகள்' என்று எழுதவும். எழுதிவிட்டு, தயவுசெய்து வேறு யாரையும் உட்காரவைத்து அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். சங்கத்தில் டேட்டா என்ட்ரிக்கு வந்த பெண், கல்லூரியில் பிஹெச்பி படித்தவள், சொந்த லேப்டாப்பில் லினக்ஸ் வைத்திருப்பவள். மதிய இடைவேளையில் ரீட்மீயைக் கொடுத்து, நான் பேசமாட்டேன், நீயாகவே செய் என்றேன்.

முதல் படியிலேயே நின்றாள். என் வீட்டு லேப்டாப்பின் டி டிரைவில் எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்ற முழு விலாசமும் புரோகிராமுக்குள் எழுதப்பட்டிருந்தது. அவளிடம் டி டிரைவே கிடையாது. அதை மாற்றினாள். இரண்டாம் படியில் டேட்டாபேஸ் டேபிள்கள் இல்லை என்றது. எப்படி இருக்கும்? மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கையால் உருவாக்கியவை அவை, உருவாக்கியதே மறந்துபோயிருந்தது. மூன்றாவது படிக்கு வந்தோம்.

"சார், ரூட்டர் ஃபைல் இல்லைங்குது."

"இருக்கும்மா."

"இல்ல சார்."

எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. கோப்பின் பெயரில் பெரிய ஆர், அதைக் கூப்பிடும் இடத்தில் சின்ன ஆர். என் விண்டோஸுக்குப் பெரியவர் சின்னவர் என்ற பேதம் கிடையாது. லினக்ஸ் மரியாதை பார்க்கும். அன்று சாயங்காலம் ரீட்மீயில் பதினேழு படிகள் இருந்தன.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இதுக்கு லாராவெல் போட்டா என்ன சார்?"

"டீ சொல்லவாம்மா?" என்றேன்.

லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் போடாமல் விட்டால் இலவசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படி காப்பிரைட் உங்களிடமே இருக்கும், மற்றவர் தொடவே முடியாது. எம்ஐடி லைசென்ஸ் போடுங்கள். ஒரு பக்கம்கூட வராது. அதன் கடைசிப் பத்தி முழுக்கப் பெரிய எழுத்தில், 'உள்ளது உள்ளபடி தருகிறேன், எது நடந்தாலும் நான் பொறுப்பல்ல' என்று கத்தும். மாமனார் வீட்டில் இந்தப் பத்தி செல்லாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தாய்மொழிக்கு ஒரு சோதனை

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். உருப்படியாக நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

செய்திப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் அதன் தலைப்பிலிருந்தே முகவரி தயாரிப்பது ஃபிரேம்வொர்க்கின் வேலைகளில் ஒன்று. ஆங்கிலத் தலைப்பில் எழுத்தையும் எண்ணையும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் சின்னக் கோடாக மாற்றினால் முடிந்தது. எல்லாரும் எழுதுகிற ஒரு வரி. நானும் எழுதினேன். எழுத்து என்றால் ஏ முதல் இசட் வரை என்று அந்த வரியில் இருந்தது. மச்சினன் 'கல்யாண மண்டபம்' என்று தமிழில் தலைப்புப் போட்டான். என் வரி அதை மேலும் கீழும் பார்த்தது, எழுத்து என்று ஒன்றுகூட இல்லை என்று முடிவு செய்து மொத்தத்தையும் துடைத்துவிட்டது. முகவரி காலி. அவன் அடுத்துப் போட்ட 'பார்க்கிங் வசதி'க்கும் காலி. எதைத் தட்டினாலும் முதல் பக்கமே வந்தது. "அத்தான், எல்லா ரூமுக்கும் ஒரே சாவியா?" என்று கேட்டான்.

சரி, உலகத்து மொழிகளின் எழுத்துக்களையெல்லாம் சேர்த்துக்கொள் என்று யூனிகோடில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதைப் போட்டேன். இப்போது முகவரி வந்தது. இப்படி:

கல-ய-ண-மண-டபம

நானே ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பில் புள்ளி வைக்காமல் எழுதினால் டீச்சர் ஸ்கேலால் அடிப்பாரே, அந்த மாதிரி இருந்தது. விஷயம் என்னவென்றால், யூனிகோடின் கணக்கில் 'ல' எழுத்து. ஆனால் மேலே வைக்கிற புள்ளி எழுத்தல்ல, அது குறி. கால், கொம்பு, சுழி எல்லாமே குறிதான். எழுத்து மட்டும் போதும் என்று கேட்டால் குறிகளைக் கழித்துவிட்டுத்தான் தரும். 'எழுத்தும் குறியும்' என்று இரண்டையும் கேட்க வேண்டும். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிக்கிறவருக்கு இது ஜன்மத்துக்கும் கண்ணில் படாது.

நீளம் அளப்பதும் இப்படித்தான். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று குழந்தையைக் கேட்டால் மூன்று என்னும். யூனிகோடைக் கேட்டால் ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பிஹெச்பியின் சாதாரண அளவுகோலைக் கேட்டால் பதினைந்து, ஏனென்றால் அது எண்ணுவது பைட்டை, ஐந்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட். மூன்று பேரும் சரி. செய்தியின் முதல் நூறு எழுத்தை முகப்பில் காட்டு என்று நான் எழுதியிருந்தது உண்மையில் நூறு பைட். நூறை மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். அந்த மிஞ்சிய பைட், கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக மண்டபத்தின் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

விருந்தாளிகள் வருகை

ஒரு தொகுப்பு பிடித்தவர்கள் அதற்கு இணையத்தில் ஸ்டார் போடுவார்கள். அம்மி ஊருக்கு வந்த முதல் வருஷத்தில் மூன்று ஸ்டார்கள் விழுந்தன. ஒன்று நான் போட்டது. ஒன்று டேட்டா என்ட்ரிப் பெண். மூன்றாமவர் பிரேசிலில் யாரோ. அவர் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தபோது, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஸ்டார் போடுகிற தர்மவான் என்று தெரிந்தது. ஆனாலும் அன்று இரவு சாப்பாட்டில் அவரைப் பற்றிப் பேசினேன்.

முதல் திருத்தம் அனுப்பியவர் என் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தார். இரண்டாமவர் அவர் திருத்தியது தப்பு என்று திருத்தினார். மூன்றாவதாக வந்தவர்தான் நிஜமான விருந்தாளி. மெயிலில் தலைப்பு மட்டும் இருந்தது. அந்தத் தலைப்பு என் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்.

பாஸ்வேர்ட் என் மனைவி பெயரும் கல்யாண வருஷமும் சேர்ந்தது என்பதால் படிக்கும்போதே காது சூடானது. உள்ளே மூன்று வரியில் மிகவும் பணிவாக விளக்கியிருந்தார். மண்டபத்தின் கட்டண விவரப் பிடிஎஃப்பைத் தரவிறக்க அம்மியில் ஒரு வசதி இருந்தது. கோப்பின் பெயரை முகவரியில் கொடுத்தால் எடுத்துக் கொடுக்கும். அவர் கோப்பின் பெயருக்கு முன்னால் இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்திருக்கிறார். அப்படியென்றால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். மேலே போனால் பாஸ்வேர்ட் எழுதியிருக்கும் கன்ஃபிக் கோப்பு. அம்மி அதையும் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவருக்கு பீரோ சாவியைக் கொடுத்த மாதிரி.

கேட்ட பெயர் அந்த ஒரு ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதற்கு நான்கு வரி போதும். பெரிய ஃபிரேம்வொர்க்குகளில் அந்த நான்கு வரி இருக்கிறது, ஏனென்றால் அவர்களுக்கு இந்த மெயில் முன்னாலேயே வந்துவிட்டது. மற்றவர்களின் ஃபிரேம்வொர்க் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று நான் ரீட்மீயில் கிண்டல் செய்திருந்தேன்; அந்தக் கனம் முழுக்க இப்படி வந்த மெயில்கள்தான். பயந்துபோய் மற்ற இடங்களையும் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டைப் பத்திரமாகச் சேமிக்க 2013-ல் வந்த பிஹெச்பி 5.5-லிருந்தே மொழிக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நான் சொந்தமாக ஒன்று செய்து வைத்திருந்தேன்: பாஸ்வேர்டை உருத்தெரியாமல் அரைக்கும் எம்டி5-ல் போட்டு, வந்ததைத் திருப்பி எழுதி, மறுபடி எம்டி5. சீயக்காய்ப் பொடிக்கு வேண்டுமானால் இப்படி இரண்டு தடவை அரைப்பதில் பிரயோஜனம் இருக்கலாம்.

கொத்துதல்

மிக்ஸி வராத காலத்தில், "அம்மி கொத்தலையோ, அம்மி! ஆட்டுக்கல் கொத்தலையோ!" என்று தெருவில் ஒருவர் உளியும் சுத்தியலுமாகப் போவார். அரைக்க அரைக்க அம்மி வழவழவென்று ஆகிவிடும். மிளகாய் அகப்படாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அவர் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டுப் போனால் மறுபடி அரைக்கும். கல்லுக்கே அந்தக் கதி என்றால் பிஹெச்பிக்கு என்ன?

2015 டிசம்பரில் பிஹெச்பி 7 வந்தபோது, டேட்டாபேஸோடு பேசப் பழைய ஆட்கள் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டன. இரண்டரை வருஷமாக எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எச்சரிக்கைகளைத் திரையில் காட்டாதே என்று நான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், அசிங்கமாக இருக்கிறதே என்று. சர்வர்காரர்கள் ஒரு ராத்திரி புது வெர்ஷனுக்கு மாறினார்கள். காலையில் மண்டபம் வெள்ளைத் தாளாக இருந்தது. அம்மி கொத்துபவர் பகல் முழுக்க நகை எடை போட்டுக்கொண்டிருந்ததால் இரவுதான் வர முடிந்தது.

யாரும் பயன்படுத்தாத ஃபிரேம்வொர்க் சொர்க்கம். இஷ்டத்துக்கு மாற்றலாம். வெர்ஷன் எண் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற வரை எதையும் எப்போதும் மாற்றலாம் என்று உலக வழக்கமே இருக்கிறது. அதனால்தான் அம்மி ஒன்பது வருஷமாக 0.9-ல் நிற்கிறது. ஆனால் ஒரே ஒரு ஆள் பயன்படுத்த ஆரம்பித்தால் போதும், உங்கள் கை கட்டப்பட்டது. பட்டனை இடமிருந்து வலத்துக்கு நகர்த்தினால் போன் வரும்.

இதற்கு நான் கண்ட தீர்வு ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபத்தில் வெள்ளையடிப்பார்கள், ஜெனரேட்டர் சர்வீஸ் நடக்கும், அம்மிக்குப் புது வெர்ஷன் போடுவேன். மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அப்போது மச்சினன் மாலை போட்டிருப்பான், வாயில் கெட்ட வார்த்தை வராது. சின்னச் சின்னப் பிழைத் திருத்தங்களை அந்த மாதத்துக்கு வைத்துக்கொள்வேன். வருஷத்துக்கு இரண்டு வெளியீடு. பஞ்சாங்கப்படி நடக்கும் மென்பொருள் வேறு இருந்தால் சொல்லுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைத்தான் மறந்துவிட்டேன். ஒரு வருஷம் ஆடியில் ஆன்லைன் புக்கிங்கைப் புதிதாகச் சேர்த்தேன். தேதியைத் தேர்ந்தெடுத்து அட்வான்ஸ் கட்டினால் ரசீது வந்துவிடும். ஆடி முழுக்க யாரும் வரவில்லை. ஆடியில் யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்? ஆவணி பிறந்தது. முதல் நாள் காலண்டரில் நல்ல நேரம் ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை. தை மாதத்து நல்ல முகூர்த்தம் ஒன்றுக்கு ஆசைப்பட்ட இரண்டு அப்பாக்கள், இரண்டு வெவ்வேறு ஊரில், தேதியைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, கடிகாரத்தில் ஒன்பதேகால் ஆவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அம்மி முதலில் டேட்டாபேஸிடம் 'இந்தத் தேதி காலியா?' என்று கேட்கும். காலி என்றால் எழுதும். கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. மற்ற நாளில் அந்தத் துண்டுக்குள் யாரும் வந்து விழமாட்டார்கள். நல்ல நேரத்தில் விழுவார்கள். முதலாமவருக்கும் காலி, இரண்டாமவருக்கும் காலி. இருவருக்கும் ரசீது. எண் 41, எண் 42. ஒரு தேதி ஒரு தடவைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே ஒரு விதி போட்டிருந்தால், இரண்டாவதை அதுவே திருப்பி அனுப்பியிருக்கும். ஒரே வரி. ரீட்மீயில் நான் அதைப் பற்றி எழுதியிருந்தது, 'டேட்டாபேஸில் விதி எதுவும் தேவையில்லை, அம்மி பார்த்துக்கொள்ளும்.'

மேடை அலங்காரத்துக்கு அளவெடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தபோது, பந்தி ஹாலைப் பார்க்க இன்னொரு குடும்பம் உள்ளே வந்திருக்கிறது. மச்சினன் போன் செய்தான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அத்தான், ஒரு முகூர்த்தத்துக்கு எத்தனை கல்யாணம்னு உங்க அம்மில கணக்கு?"

எம்ஐடி லைசென்ஸின் கடைசிப் பத்தி நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. இரண்டாவது குடும்பம் அதே தையில் வேறொரு முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்டது, ஜெனரேட்டர் டீசல் இலவசம் என்ற நிபந்தனையோடு. அந்த டீசலுக்கு யார் பணம் கொடுத்தது என்பது குடும்ப விஷயம். "அவன் உங்ககிட்ட ஃபிரேம்வொர்க் கேட்டானா?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

அன்றிரவே அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். மறுநாள் மண்டபத்துக்குப் போனபோது கம்ப்யூட்டர் பக்கத்தில் தடிமனான ஒரு டைரி இருந்தது. நாளுக்கு ஒரு பக்கம். கயிற்றில் கட்டிய பென்சில். இனிமேல் சைட்டில் யார் பதிந்தாலும், டைரியில் அந்தப் பக்கம் காலியாக இருந்தால்தான் உறுதி என்றான். எனக்கு ஒன்பது வருஷம் பிடித்த விஷயத்தை அவன் ஸ்டேஷனரி கடையில் பைண்டு செய்தே வாங்கிவிட்டான்.

போன வாரம் இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பூப்பந்து மைதானத்துக்கு மணிக்கணக்கில் புக்கிங் எடுக்க அம்மியைப் பயன்படுத்துகிறாராம். ஒரே மணிக்கு இரண்டு பேர் பதிய முடியாமல் தடுப்பது ரொம்பப் பிடித்திருக்கிறதாம். அடுத்த வெளியீடு எப்போது என்று கேட்டிருந்தார். ஆடியில் என்று பதில் போட்டேன்.

ஆடி என்றால் எந்த மாதம் என்று கேட்டு மறு மெயில் வந்திருக்கிறது. ஜூலை நடுவில் ஆரம்பிக்கும் என்று எழுதி, அப்போது ஏன் கல்யாணம் செய்யமாட்டோம் என்றும் ஆரம்பித்தேன். மூன்று பத்தி ஆகிவிட்டது, இன்னும் முடியவில்லை. முடித்ததும் ரீட்மீயில் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன், பதினெட்டாவது படியாக.